இருநூறு கிலோமீட்டருக்கு ஒரு சீட்

அன்று மதியம் தஞ்சாவூரில் ஒரு டீக்கடை வாசலில் என்னால் மறுபடி சைக்கிளில் ஏற முடியவில்லை. காலில் தெம்பு இருந்தது. மூச்சும் சீராகத்தான் இருந்தது. சீட்டில் உட்கார்ந்தால்தான் உயிர் போனது. விடிகாலை நாலரை மணிக்குத் திருச்சியில் கிளம்பி, தஞ்சாவூர் வழியாகக் கும்பகோணம் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். மீட்டர் 137 கி.மீ. காட்டியது. இன்னும் அறுபது சொச்சம் பாக்கி. கடைசியில் ஒரு டாட்டா ஏஸ் வண்டிக்காரரிடம் பேசி, சைக்கிளைப் பின்னால் படுக்கப்போட்டு வீடு வந்து சேர்ந்தேன். இரண்டு நாள் நாற்காலியில் ஒருக்களித்துத்தான் உட்கார்ந்தேன்.

எனக்கு பிரெவே ஓட்ட ஆசை. பிரான்சில் தோன்றிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டம் அது. 200 கி.மீ.யைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், 300 என்றால் 20 மணி நேரம், 400 என்றால் 27, 600 என்றால் 40. வழியில் ஆகும் எல்லாவற்றையும் ஓட்டுபவரே பார்த்துக்கொள்ள வேண்டும். கணக்குப் போட்டால் வேகம் பெரிய விஷயமில்லை. மணிக்கு 20 கி.மீ. போகத் தெரிந்தவருக்கு 200 கி.மீ. எட்டும். ஆனால் நாள் முழுக்கச் சீட்டில் உட்கார முடிய வேண்டும். எனக்கு அதுதான் முடியவில்லை. அதனால் அடுத்த ஆறு வாரம் காலுக்குப் பயிற்சி எதுவும் கொடுக்காமல், சீட்டை மட்டும் எடுத்துக்கொண்டேன். சனிக்கிழமைதோறும் ஒரே பாதையில் ஓட்டினேன்: திருச்சியிலிருந்து கல்லணை, திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு, அப்புறம் அதே வழியில் திரும்புதல். போகவர நூறு கி.மீ. சுமார் வரும். ஒரு வாரத்துக்கு ஒரு மாற்றம்தான் என்று முதலில் முடிவு செய்தேன். அந்த ஒழுங்கைச் சில வாரம் காக்க முடியவில்லை.

முதலில் செய்தது தப்பான வேலை. வலிக்கிறதா, மெத்தென்று ஏதாவது போடு என்றுதான் யாருக்கும் தோன்றும். ஜெல் கவர் ஒன்று வாங்கிச் சீட்டுக்கு மேல் மாட்டினேன். வீட்டு வாசலில் உட்கார்ந்து பார்த்தபோது சொகுசாக இருந்தது. கல்லணை தாண்டும் வரைக்கும்கூட நன்றாகத்தான் இருந்தது. திருக்காட்டுப்பள்ளிக்கு முன்பே நடுப்பகுதி மரத்துப்போக ஆரம்பித்தது. பழைய வலி எலும்பில் இருந்தது, இது வேறு மாதிரி. உணர்ச்சியே இல்லாமல், ஊசி குத்துவது மாதிரி. இறங்கி நின்று பத்து நிமிடம் கழித்துத்தான் சரியானது.

ஏன் இப்படி என்று வீட்டில் ஒரு தலையணையை வைத்துப் பார்த்தேன். இலவம்பஞ்சுத் தலையணையில் இரண்டு முஷ்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அழுத்திப் பாருங்கள். முஷ்டி இரண்டும் உள்ளே இறங்கும், நடுவில் இருக்கும் பஞ்சு மேலே பிதுங்கி வரும். கட்டைச் சுவரில் உட்கார்ந்தால் உறுத்துமே, பிட்டத்தின் அடியில் இரண்டு எலும்பு முனைகள், அவைதான் அந்த முஷ்டிகள். உடம்பின் கனத்தைத் தாங்கவே அவை இருக்கின்றன. சீட் மெத்தையாக இருந்தால் அவை புதைந்துபோய், கனம் முழுக்க நடுவில் இருக்கும் சதைக்கும் நரம்புக்கும் ரத்தக் குழாய்க்கும் மாறிவிடுகிறது. மரத்துப்போனது அதனால்தான். கவரைக் கழற்றிவிட்டேன். மரத்துப்போவது என்பது பொறுத்துக்கொள்ள வேண்டிய விஷயமே இல்லை. இறங்கிய பிறகும் உணர்ச்சி திரும்பவில்லை என்றால் ஓட்டுவதை நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும்.

அப்பாவின் பழைய சைக்கிள் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. தோல் சீட், அடியில் ஸ்பிரிங். அதில் மெத்தை என்று எதுவும் கிடையாது. முன்னும் பின்னும் இரும்பில் இழுத்துக் கட்டிய தடித்த தோல், அவ்வளவுதான். அந்த வண்டியில்தான் அப்பா லால்குடிக்கும் முசிறிக்கும் போய் வந்திருக்கிறார். தோல் இத்தனை வருடத்தில் பளபளவென்று கறுத்து, பின்பக்கம் இரண்டு பள்ளம் விழுந்திருக்கிறது. கட்டைவிரலை வைத்தால் சரியாக உட்காரும் பள்ளம். அந்தச் சீட்டையே என் வண்டிக்கு மாற்றிவிடலாமா என்று கேட்டேன்.

"உன் வண்டியில நீ குனிஞ்சு உட்கார்றே. இது நிமிர்ந்து உட்கார்றவனுக்குப்பா" என்றார்.

இந்த ஒரு வார்த்தையில் பாதி விஷயம் இருந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தால் கனம் எல்லாம் பின்னால் இருக்கும் அந்த இரண்டு எலும்பில் இறங்குகிறது. அதற்கு அகலமான சீட், ஸ்பிரிங் எல்லாம் பொருந்தும். குனிந்து ஹேண்டில் பாரைப் பிடித்தால் இடுப்பே முன்பக்கம் சாய்கிறது, கனம் சீட்டின் மூக்கை நோக்கி நகர்கிறது, கொஞ்சம் கைக்கும் போகிறது. சீட்டை மட்டும் தனியாகப் பார்க்கக் கூடாது, உடம்பு எப்படி உட்காருகிறது என்பதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

சரி, முதலில் எலும்பை அளப்போம் என்று உட்கார்ந்தேன். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். பார்சல் வந்த நெளி அட்டைப் பெட்டி ஒன்றிலிருந்து ஒரு அடிச் சதுரம் வெட்டிக்கொண்டேன். அதை மாடிப்படியில் வைத்து, மெல்லிய துணி கட்டியபடி மேலே உட்கார்ந்து, பாதத்தைக் கொஞ்சம் தூக்கி, சைக்கிளில் குனிவது மாதிரி முன்னால் சாய்ந்து ஒரு நிமிடம் இருந்தேன். எழுந்து பார்த்தால் அட்டையில் இரண்டு குழி. கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை. பிள்ளையின் கலர் பென்சிலைப் படுக்கவைத்து மேலே தேய்த்தேன், குழி இரண்டும் வெள்ளையாக நின்றன. நடுவுக்கு நடு 118 மி.மீ. மூன்று தடவை செய்தேன். 118, 120, 117. இதோடு 20 முதல் 30 மி.மீ. சேர்த்தால் சீட்டின் அகலம் ஓரளவு கிடைக்கும். எனக்கு 140ஐ ஒட்டி வேண்டும். என் சீட்டை அளந்தேன், 130தான் இருந்தது. அதாவது எலும்பு இரண்டும் சீட்டின் விளிம்பில் நின்றுகொண்டிருந்தன. 137 கி.மீ.யும் நான் ஒரு வரப்பின் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

143 மி.மீ. அகலத்தில், நடுவில் பள்ளம் விட்ட, அழுத்தினால் லேசாக மட்டும் அமுங்கும் சீட் ஒன்றை வாங்கினேன். கடைக்காரர் இன்னும் மெத்தையானதை எடுத்துக் காட்டிக்கொண்டே இருந்தார். வேண்டாம் அண்ணே என்று சொல்லி இதைத்தான் எடுத்தேன். அந்த வாரம் எலும்பு வலி பாதியாகக் குறைந்தது. ஆனால் தொடை இடுக்கில் தோல் உரசிச் சிவந்துபோனது, அதுவும் வலப்பக்கம் கூடுதலாக.

உரசலுக்குத் துணிதான் காரணம் என்று நினைத்தேன். பின்னால் ஓட்டிவந்த நண்பர் சொன்னது வேறு. "மாப்ள, உன் இடுப்பு ரெண்டு பக்கமும் ஆடுது. பெடல் கீழ போறப்பல்லாம் நீ சாஞ்சு சாஞ்சு எட்டுறே." சீட் உயரம் கூடுதல். எட்டாத பெடலை எட்டுவதற்காக இடுப்பு இறங்கி ஏறுகிறது. ஒரு மணி நேரத்துக்கு நாலாயிரம், ஐயாயிரம் சுற்று மிதிக்கிறோம். அத்தனை தடவையும் தோல் சீட்டின் ஓரத்தில் தேய்ந்தால் புண்ணாகாமல் என்ன செய்யும்?

உயரத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. மூன்று முறை டூர் டி பிரான்ஸ் வென்ற கிரெக் லெமாண்டின் பெயரோடு சேர்த்துச் சொல்வார்கள். வெறுங்காலில் சுவரோடு நின்று, கெட்டி அட்டை போட்ட புத்தகம் ஒன்றைத் தொடைக்கு நடுவில் சீட் மாதிரி நன்றாக மேலே தூக்கிப் பிடித்து, அதன் மேல்விளிம்புவரை தரையிலிருந்து அளக்க வேண்டும். அதை 0.883ஆல் பெருக்கினால், பெடல் கட்டைகள் இரண்டும் சேர்ந்து சுற்றும் பிரேமின் அடி அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேல்பகுதிவரை இருக்க வேண்டிய உயரம். எனக்கு 79 செ.மீ. பெருக்கினால் 69.8. என் வண்டியில் இருந்தது 72! இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் கூடுதல். உயரமாக வைத்தால் நன்றாக மிதிக்க வரும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஏற்றிவைத்தது அது. கணக்கை நம்பாதவர் குதிகாலை வைத்துப் பார்க்கலாம். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் முழங்கால் நேராக நீள வேண்டும், இடுப்பு சாயக் கூடாது. அப்புறம் முன்பாதத்தை வைத்து மிதிக்கும்போது முழங்காலில் தேவையான வளைவு தானாக வந்துவிடும். எனக்கு இரண்டு முறையிலும் ஏறக்குறைய ஒரே இடம்தான் வந்தது.

அப்போது பக்கத்து வீட்டில் மாடி கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே இருந்த கொத்தனார் அண்ணனிடம் ரசமட்டமும் தூக்குகுண்டும் ஒரு மணி நேரத்துக்குக் கடன் கேட்டேன். எதற்கு என்று கேட்டவர், அவரே கூட வந்துவிட்டார். சைக்கிளைச் சுவரோரம் நிறுத்தி, தரை மட்டமாக இருக்கிறதா என்று முதலில் பார்த்தார். நான் யோசிக்காத விஷயம். வாசல், மழைத் தண்ணீர் ஓடுவதற்காகச் சரிவாகத்தான் இருந்தது. வண்டியை உள்ளே ஹாலுக்குக் கொண்டுவந்தோம்.

நான் சீட்டில் உட்கார்ந்து, பெடல் இரண்டும் தரைக்கு இணையாக வரும்படி காலை நிறுத்தினேன். அவர் முன்காலின் முழங்கால் சில்லுக்குக் கீழே நூலைப் பிடித்துத் தூக்குகுண்டைத் தொங்கவிட்டார். நூல் பெடலின் அச்சை ஒட்டி விழ வேண்டும். எனக்கு ஒன்றரை சென்டிமீட்டர் முன்னால் விழுந்தது. "சார், நீங்க முன்னால தள்ளி உட்கார்ந்திருக்கீங்க. சுவரா இருந்தா இடிச்சிட்டுக் கட்டச் சொல்லுவாங்க" என்றார். சீட்டின் அடியில் இருக்கும் இரண்டு கம்பியைப் பிடித்திருக்கும் கிளாம்பைத் தளர்த்தி, சீட்டை 12 மி.மீ. பின்னால் தள்ளினேன். பின்னால் தள்ளினால் பெடலுக்கும் சீட்டுக்கும் தூரம் கொஞ்சம் கூடும், அதற்காக உயரத்தை 4 மி.மீ. இறக்கினேன். இந்த நூல் அளவைச் சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆரம்பிக்க ஒரு இடம் வேண்டும், அதற்கு இது போதும்.

அப்புறம் ரசமட்டம். சீட் மேடு பள்ளமாக இருக்கும் என்பதால் மேலே ஒரு கெட்டி நோட்டுப் புத்தகத்தை வைத்து, அதன்மேல் மட்டத்தை வைத்தோம். குமிழி கோட்டைத் தாண்டி முன்பக்கம் ஓடியது. சீட்டின் மூக்கு மேலே பார்க்கிறது! குனியும்போதெல்லாம் அந்த மூக்கு நடுவில் குத்திக்கொண்டிருந்திருக்கிறது. இத்தனை மாதமாகக் கண்ணால் பார்த்து நேராக இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

இங்கேதான் அவசரப்பட்டேன். மூக்கு மேலே இருப்பது கெடுதல் என்றால் நன்றாகக் கீழே இறக்கிவிடுவோம் என்று அடுத்த சனிக்கிழமை சரிவாக வைத்து ஓட்டினேன். நடுவில் அழுத்தம் சுத்தமாகப் போய்விட்டது. ஆனால் உடம்பு முன்னால் வழுக்கிக்கொண்டே இருந்தது, கையால் தள்ளித் தள்ளிப் பின்னால் வர வேண்டியிருந்தது. திருவையாறு போய்ச் சேரும்போது சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துவிட்டன. தோள்பட்டை கல்லாக இறுகியிருந்தது. ஒரு இடத்து வலியை இன்னொரு இடத்துக்கு அனுப்பிவைத்திருக்கிறேன். கோயில் பக்கம் காவிரிப் படித்துறையில் உட்கார்ந்து கையை உதறிக்கொண்டே அல்லன் கீயை எடுத்தேன். குமிழி நடுவிலிருந்து ஒரு நூல் மட்டும் விலகும்படி, அதாவது மட்டத்திலிருந்து ஒன்றிரண்டு டிகிரி மட்டும் மூக்கு தாழ்ந்தால் எனக்குப் போதும் என்று பின்னால் தெரிந்தது.

அந்த ஒன்றிரண்டு டிகிரியை வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. என் சீட் போஸ்ட்டில், அதாவது சீட்டைத் தாங்கும் கம்பத்தில், கிளாம்புக்கு ஒரே ஒரு போல்ட். உள்ளே பல் பல்லாக இருக்கும். ஒரு பல் இந்தப் பக்கம் என்றால் மூக்கு தூக்கும், அடுத்த பல் என்றால் வழுக்கும். நடுவில் நிற்கவே நிற்காது. கடைசியில் முன்னும் பின்னும் இரண்டு போல்ட் இருக்கும் போஸ்ட் ஒன்று வாங்கினேன். ஒன்றைத் தளர்த்தி மற்றதை இறுக்கினால் தலைமுடி அளவுகூட நகர்த்தலாம். வாங்கும் முன் பழைய போஸ்ட்டின் விட்டத்தை வெர்னியரில் அளந்துகொள்ளுங்கள். என்னுடையது 27.2 மி.மீ. கண் மதிப்பில் 27ஐ வாங்கினால் இறங்கிக்கொண்டே இருக்கும்.

என்னுடையது அளவு சரியாக இருந்தும் இறங்கியது, அது வேறு கதை. புதுப் போஸ்ட்டுக்குக் கிரீஸை அள்ளிப் பூசியிருந்தேன். ஐம்பது கி.மீ. ஓட்டிய பின் முழங்காலின் முன்பக்கம் வலிக்கத் தொடங்கியது. வீட்டில் அளந்தால் 7 மி.மீ. இறங்கியிருக்கிறது. முழுக்க வெளியே எடுத்து, போஸ்ட்டையும் பிரேம் குழாயின் உள்பக்கத்தையும் துணியால் துடைத்து, துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளாமல் இருக்க மெல்லிய பூச்சு மட்டும் விட்டு, கிளாம்ப் போல்ட்டின் மரையில் ஒரு துளி கிரீஸ் வைத்து இறுக்கினேன். இப்போது நகர்வதில்லை. போஸ்ட் குழாயிலிருந்து வெளியே வரும் இடத்தில் சிவப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றியிருக்கிறேன். டேப் கசங்காமல், மேலே தள்ளப்படாமல், குழாயை ஒட்டியே இருந்தால் உயரம் மாறவில்லை. போஸ்ட்டில் ஒரு கோடு போட்டிருக்கும், அது குழாய்க்கு மேலே தெரியும்படி ஒருபோதும் ஏற்றக் கூடாது. பிரேமே விரிசல் விடும்.

கைவலி முழுசாகப் போகவில்லை. ஹேண்டில் பார் தூரமாக இருந்தது. பாரை வண்டியோடு பிணைக்கும் ஸ்டெம் 100 மி.மீ. நீளம், அதை எடுத்துவிட்டு 80 போட்டேன், மேலே இருந்த இரண்டு வளையங்களை ஸ்டெம்முக்குக் கீழே மாற்றி பாரைக் கொஞ்சம் உயர்த்தினேன். இந்த வேலையில் ஒரு விஷயம் கவனம். ஸ்டெம்மின் உச்சியில் இருக்கும் ஸ்க்ரூ, ஹேண்டில் திரும்பும் இடத்தில் உள்ள ஹெட்செட் பேரிங்கின் ஆட்டத்தை எடுப்பதற்கு மட்டும்தான். அதை முதலில் ஆட்டம் நிற்கும் அளவுக்குத் திருகிவிட்டு, பிறகுதான் பக்கவாட்டுப் போல்ட்டுகளை இறுக்க வேண்டும். இடுப்பு நிமிர்ந்ததால் சீட்டிலும் நிம்மதி கூடியது. பாரை மாற்றினால் சீட் மாறும் என்பதை யாராவது முன்பே சொல்லியிருந்தால் இரண்டு வாரம் மிச்சமாகியிருக்கும்.

டயர் விஷயம் சுருக்கமாக. 32 மி.மீ. டயரில் 90 பி.எஸ்.ஐ. காற்று வைத்திருந்தேன். என் எடை 74 கிலோ. பின்னால் 60, முன்னால் 55 என்று குறைத்தேன். ரோட்டின் பொரிப்பொரி அதிர்வு பாதி அடங்கிவிட்டது. இதற்குக் காசு செலவே இல்லை.

துணிக்கு வருகிறேன். பேட் வைத்த ஷார்ட்ஸுக்கு உள்ளே ஜட்டி போடக் கூடாது. எனக்கு இது தெரியாமல் ஒரு வருடம் ஓட்டியிருக்கிறேன். ஜட்டியின் தையல் விளிம்புதான் வலப்பக்கம் அறுத்துக்கொண்டிருந்தது, புண் இருந்த கோடும் தையலின் கோடும் ஒன்றாக இருந்தன. பருத்தி வியர்வையைக் குடித்துக்கொண்டு ஈரமாகவே கிடக்கும், ஈரத்தில் ஊறிய தோல் சீக்கிரம் கிழியும். நம்மூர் வெயிலில் காலை எட்டு மணிக்கே ஷார்ட்ஸைப் பிழியலாம். உரசும் இடத்தில் தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்தேன், சூட்டில் இளகித் துணிக்குள் போய்விடுகிறது, இரண்டு மணி நேரம் தாங்கவில்லை. வாசலின் (பெட்ரோலியம் ஜெல்லி) நாலைந்து மணி நேரம் நின்றது. சின்ன டப்பா ஒன்றைப் பையில் வைத்து, பாதி தூரத்தில் மறுபடி தடவுகிறேன். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை குளியல், நன்றாகத் துவட்டுதல், தளர்ந்த வேட்டி. ஷார்ட்ஸைத் துவைத்து உள்பக்கம் வெளியே தெரியும்படி வெயிலில் காயவைப்பேன். ஈரத் துணியோடு மதியம் வரை உட்கார்ந்திருந்தால் படர்தாமரை வரும், வந்தால் லேசில் போகாது.

இத்தனைக்கும் பிறகு கடைசி முப்பது கி.மீ.யில் வலி கொஞ்சம் எட்டிப் பார்த்தது. காரணம் எங்கள் பாதையே. கொல்லிமலையில் ஏறுபவர் மேட்டில் எழுந்து நின்று மிதிப்பார், இறக்கத்தில் பெடல் மேல் நின்றுகொள்வார், அவரை அறியாமலே சீட்டுக்கு ஓய்வு கிடைக்கும். காவிரிக் கரையில் மேடும் கிடையாது இறக்கமும் கிடையாது. உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். ஆனால் மதகுக்குப் பஞ்சமில்லை. கல்லணை தாண்டியதிலிருந்து வாய்க்கால் வாய்க்காலாக வரும். மதகு வந்தால் எழுந்து நிற்பது, முப்பது மிதி நின்றபடி மிதிப்பது, அப்புறம் உட்காருவது என்று பழக்கிக்கொண்டேன். அரை நிமிடம் கனம் நீங்கினால் ரத்தம் ஓடி அந்த இடத்துக்கு உயிர் வருவது நன்றாகவே தெரிகிறது. மதகு இல்லாத ரோட்டில் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை.

ஏழாவது வாரம் அதே திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம் பாதையில் மறுபடி போனேன். மொத்தம் 200 வர வேண்டும் என்று திரும்பும்போது ஊருக்குள் ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றினேன். அதே டீக்கடையில் நிறுத்தி ஒரு டீ குடித்துவிட்டு ஏறினேன். 160க்கு மேல் பிட்டத்தில் களைப்பு இருந்தது, நெடுநேரம் பெஞ்சில் உட்கார்ந்தால் வருவது மாதிரி. மரத்துப்போகவில்லை, புண் இல்லை. நிறுத்தங்களோடு சேர்த்து 11 மணி நேரம் 40 நிமிடம். மறுநாள் நாற்காலியில் நேராக உட்கார்ந்து சாப்பிட்டேன்.

இன்றைக்கு என் நோட்டில் இருக்கும் அளவுகள்: உயரம் 69.4 செ.மீ., மூக்கு ஒன்றரை டிகிரி தாழ்வு, சீட்டின் மூக்கு முனையிலிருந்து ஹேண்டில் பாரின் நடுவுக்கு 52.5 செ.மீ., காற்று 60, 55. வலப்பக்கத் தொடையில் மட்டும் 150 கி.மீ.க்கு மேல் லேசான சிவப்பு இன்னும் வருகிறது. சீட் அரை டிகிரி இடப்பக்கம் திரும்பியிருக்கிறதோ என்று சந்தேகம். வரும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிரேமின் மேல்குழாயோடு நூல் பிடித்துப் பார்க்க வேண்டும். கொத்தனார் அண்ணன் வேலை முடித்துப் போய்விட்டார், தூக்குகுண்டு ஒன்று நானே வாங்கிவைத்திருக்கிறேன்.